இடப்பக்கமாக வரும் கரடி

அத்தியாயம் 9

போன வாரம் கீச்சுவைச் சாப்பாட்டு மேஜையில் வாயடைத்துப்போன நிலையில் விட்டுவிட்டு வந்தோம். அப்பா உருவாக்கிய கார்ட்டூனை இனிப் பெரியவர்களுக்காகத் திரும்ப எடுக்கப்போவதாக அண்ணன் அறிவித்தான். கம்பெனி சம்மதித்துவிட்டதாம், வாத்துக்குக் குரல் கொடுக்கப்போவது தங்கை கீச்சுதானாம். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும் தட்டை நகர்த்திவிட்டு, ஊன்றுகோலைத் தட்டியபடி எழுந்து போய்விட்டாள்.

ஏன் என்று அவளும் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் மற்றவர்களுக்கும் வரவில்லை. இந்தக் குடும்பத்தில் எதையும் கேட்காமலிருப்பதற்குப் பெயர் மரியாதை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கார்ட்டூனைப் பற்றி இரண்டு வார்த்தை. தொந்தியார் என்று ஒரு கரடி, தத்தக்கா என்று ஒரு வாத்து. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும். வாத்து தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். கரடி அடிமேல் அடி வைத்துப் பின்னால் வந்து 'பே' என்று கத்தும். வாத்து இறகெல்லாம் பறக்கக் கூரை முட்டத் துள்ளி, தொப்பென்று விழும். விழுந்த இடத்திலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல், "தெரியும் தொந்தியாரே, நீங்கதான்னு தெரியும்" என்று சொல்லும். அவ்வளவுதான் கதை. வாராவாரம் இதையேதான் காட்டினார்கள், வாராவாரம் குழந்தைகள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

வரைந்தவர் அப்பா. வாத்தின் குரல் அம்மா. ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் அப்பா பென்சிலைக் கீழே வைத்தார். களைத்துவிட்டேன் என்றார். இரண்டு வருடத்துக்கு முன் கண்ணை மூடும்வரை அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அண்ணனின் புதுக் கதையில் கரடியும் வாத்தும் கணவன் மனைவி. கல்யாணமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. வாத்து இப்போதெல்லாம் துள்ளுவதில்லை.

இன்று காலை அதன் முதல் ஒலிப்பதிவு.

"அலறாதே கீச்சு," என்றான் அண்ணன், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து. "அலறல் குழந்தைங்களுக்கு. இது வேற. மூச்சு உள்ள போகணும், போயி அங்கயே நிக்கணும். அவ்வளவுதான்."

கீச்சு இருபது வருடமாகக் குரலை விற்றுப் பிழைப்பவள். அழும் குழந்தையிலிருந்து பேய் பிடித்த கிழவிவரை எல்லாம் அவள் தொண்டைக்குள் இருந்தன. ஆனால் இந்த ஒரு மூச்சு மட்டும் இன்று வர மறுத்தது. எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை அவள் நிறுத்திவிட்டாள்.

"நடிக்கிறே," என்றான் அண்ணன்.

"நடிக்கத்தானே கூப்பிட்டே."

"சரி, கண்ணை மூடிக்கோ. இன்னும் ஒரே ஒரு தடவை. நான் சொல்றப்ப ஆரம்பி."

அவள் கண்ணை மூடினாள். காதை அடைத்த ஹெட்போனில் ஒன்றுமே கேட்கவில்லை. அவன் சொல்வதற்காகக் காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்த மாதிரி இருந்தது.

பின்னாலிருந்து ஒரு குளிர்ந்த கை அவள் கழுத்தைப் பற்றியது.

மூச்சு உள்ளே போனது. போய் அங்கேயே நின்றது.

கண்ணைத் திறந்தபோது அண்ணன் அவள் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். கையை ஐஸ் தண்ணீரில் முக்கிக்கொண்டு வந்திருந்தான். தடுப்புக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தினார்.

"இதான். இதான் வேணும் எனக்கு."

"சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்ணா." அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னா வருமா? அப்பா அம்மாகிட்ட இப்படித்தான் வாங்குவார். நீயும்தானே கூட நின்னு சிரிச்சே. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அப்பா உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்பார். சட்டை நுனியை வாயில் திணித்துக்கொண்டு அண்ணனும் தங்கையும் கதவுக்குப் பின்னால் நிற்பார்கள். அம்மா துணி மடித்துக்கொண்டிருப்பாள். அப்பா போவார். அம்மா துள்ளுவாள். அடுத்த வாரம் அதே துள்ளல், அதே முகம், தொலைக்காட்சியில் மஞ்சள் அலகோடு வரும். அம்மா சிரித்துக்கொண்டே அந்த வசனத்தைச் சொல்வாள். சிரித்தாள் என்றுதான் கீச்சு இதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானச் சாப்பாடு அண்ணன் வீட்டில். அண்ணன் வீடு என்பது இவர்கள் வளர்ந்த பழைய வீடுதான். அப்பா போனபின் அம்மா அங்கே ஒருநாள்கூட இருக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துக் கீச்சுவோடு வந்துவிட்டாள்.

அண்ணி கதவைத் திறந்தாள். நூலகத்தில் வேலை பார்ப்பவள். இந்த நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டாள் என்றுதான் கீச்சு நினைத்திருந்தாள்.

"லீவா அண்ணி?"

"ஒரு மாசமா லீவுதான். இவருக்கு வீட்ல ஆள் வேணுமாம்."

அண்ணிக்குச் சின்ன வயதிலேயே இடது காது போய்விட்டது. பெண் பார்த்த அன்றே அதை ஒளிக்காமல் சொன்னாள். அண்ணன் உடனே எழுந்து, அவளுக்கு இடது பக்கத்தில் கிடந்த நாற்காலியை விட்டு வலது பக்கம் போய் உட்கார்ந்தான். அந்த ஒரு காரியத்தால்தான் அவனைப் பிடித்துப்போனது என்று அண்ணி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். தெருவில் நடந்தாலும் அவன் வலது பக்கம்தான். இப்படி ஒரு புருஷனா என்று சொந்தக்காரப் பெண்களெல்லாம் பெருமூச்சு விட்டார்கள். கீச்சுவும் விட்டவள்தான்.

"வா, மாதிரிப் படங்களைக் காட்டறேன்," என்று அண்ணன் வேலையறைக்குக் கூட்டிப்போனான்.

அப்பாவின் பழைய சாய்மேஜை. அதன் தலைமாட்டில் அதே சின்னக் கண்ணாடி. கார்ட்டூன் வரைபவர்கள் எல்லோரும் வைத்திருப்பதுதான். கோபம் வரையவேண்டுமா, கண்ணாடியைப் பார்த்து முறைப்பார்கள். முறைத்ததை அப்படியே கரடிக்கோ வாத்துக்கோ மாட்டிவிடுவார்கள்.

அண்ணன் ஒரு கட்டுத் தாளை எடுத்து விரலிடுக்கில் விட்டுப் படபடவென்று புரட்டினான். தாளுக்குத் தாள் வாத்து அசைந்தது.

பாத்திரம் கழுவுகிறது. அதன் தோள் மெதுவாக இறுகுகிறது. பிறகு அந்த முகம். வாய் திறக்கவில்லை. உதடு உள்ளே மடங்க, இறக்கை மெல்ல எழுந்து கழுத்தை மூடிக்கொள்கிறது. கண் மட்டும் பக்கவாட்டில் ஓடுகிறது.

இதைவிட நல்ல படத்தை அப்பாகூட வரைந்ததில்லை. அதைச் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எப்படிண்ணா வரைஞ்சே?"

"எல்லாரும் வரையற மாதிரிதான்." அவன் கண்ணாடியைக் காட்டினான்.

அவள் இன்னொரு கட்டைப் புரட்டினாள், பிறகு இன்னொன்றை. வாத்து புத்தகம் அடுக்குகிறது. வாத்து தலை வாருகிறது. ஒவ்வொன்றிலும் அதே உள்மூச்சு. ஒவ்வொன்றும் வாத்தின் பின்னாலிருந்து, தோளுக்கு மேலாகப் பார்த்து வரைந்தது.

கண்ணாடியில் தன் மூஞ்சியைத்தான் பார்க்கமுடியும். முதுகுப் பக்கம் நின்று தன்னையே எவனும் பார்த்துக்கொள்ள முடியாது.

அதோடு எந்தத் தோள் என்றும் அவள் கவனித்தாள். ஒரு தாள் பாக்கியில்லாமல் எல்லாமே இடது தோள்.

"கடைசிக் காட்சி இதான்," என்று சுவரைக் காட்டினான் அண்ணன். காட்சி வரிசையாக ஒட்டியிருந்த அட்டைகளில் கடைசியாக ஒன்று. மாடிப்படியின் உச்சியில் துணிக்கூடையோடு வாத்து நிற்கிறது. பின்னால் கரடியின் நிழல். கூடையில் மடிப்புகள்வரை வரைந்திருந்தான். வாத்துக்கு முகம் மட்டும் இல்லை, வெறும் வட்டம்.

"முகம் எங்கே?"

"இன்னும் கிடைக்கல," என்றான். தொலைத்த சாவியைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னான்.

சாப்பாட்டு மேஜையில் அண்ணி இடம் மாறி உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக அவள் உட்காருவது நடுவில். இன்று மூலையில், இடது தோள் சுவரை உரச.

"என்ன அண்ணி, மூலைக்குப் போயிட்டீங்க?"

"காத்து நல்லா வருது இங்க."

ஜன்னல் எதிர்ப்பக்கம் இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கீச்சுவின் கை பட்டு ஒரு கரண்டி தரையில் விழுந்தது. சின்னச் சத்தம்தான். அண்ணியின் உதடு உள்ளே மடங்கியது. கை எழுந்து கழுத்தை மூடியது. கண் பக்கவாட்டில் ஓடியது.

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மனைவியைக் கூர்ந்து பார்த்தான். அவன் ஆள்காட்டி விரல் மேஜைமேல் தானாகக் கோடு இழுத்தது. பிறகு, திருப்தியில்லாதவன்போல உதட்டைப் பிதுக்கிவிட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பினான்.

கீச்சு தட்டோடு எழுந்துகொண்டாள்.

சமையலறையில் அண்ணி பாத்திரம் கழுவ, கீச்சு துடைத்தாள். அண்ணியின் வலது பக்கமாக, அவள் கண்ணில் படும்படி நின்றுகொண்டாள்.

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

அண்ணி குழாயை மூடவில்லை. "எது?"

"அண்ணி, நான் படத்தைப் பார்த்துட்டேன்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "முதல்ல விளையாட்டாத்தான் இருந்துச்சு. நானும் சிரிச்சேன். வேலைக்காகத்தானே, அதுவும் மாமாவோட கார்ட்டூன். அப்புறம் எப்ப வருவார், எங்கேர்ந்து வருவார்னு தெரியாம போச்சு. குளிக்கறப்ப கதவைச் சாத்தினா கோவிச்சுக்கறார்."

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். சொன்னப்ப என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் அதையும் வரைஞ்சிட்டார்."

கீச்சு தட்டைக் கீழே வைத்தாள்.

"இப்ப என் மூஞ்சி பழகிப்போச்சாம்," என்றாள் அண்ணி. "முன்ன மாதிரி பயம் வரலையாம். இது பத்தாது, வேற ஏதாச்சும் யோசிக்கணும்னு நேத்து சொன்னார்."

"இப்பவே கிளம்புங்க. என்கூட வந்துடுங்க."

"இந்த வாரத்தோட முடிஞ்சிடும்னு சொல்றார் கீச்சு. இன்னும் ஒரே ஒரு முகம்தான் பாக்கியாம். அதுக்கப்புறம் பழையபடி ஆயிடுவார்." இதைச் சொல்லும்போது அண்ணி நிஜமாகவே நம்பினாள். அதுதான் கீச்சுவால் தாங்கமுடியவில்லை.

"என்ன ரெண்டு பேருக்கும் ரகசியம்?"

அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். செருப்பில்லாமல் வந்திருந்தான். எப்போது வந்தான் என்று இரண்டு காதும் சரியாக உள்ள கீச்சுவுக்கே தெரியவில்லை.

"உன்னைப் பத்தித்தான்," என்றாள் கீச்சு. "இவங்களைக் கொஞ்ச நாள் எங்க வீட்டுக்கு அனுப்பு."

"அனுப்பறேனே. வேலை முடியட்டும்." அவன் மனைவியின் இடது தோளில் கையை வைத்தான். "நானா புடிச்சு வச்சிருக்கேன்?"

அவன் சிரித்தான். அண்ணியும் சிரித்தாள், அலகில்லாத வாத்து மாதிரி.

சாயங்காலம் வானம் இருண்டுகொண்டு வந்தது. கீச்சு வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா சுவரோடு சாய்ந்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எப்போதும் அப்படித்தான். அம்மா எந்தக் கதவுக்கும் முதுகு காட்டமாட்டாள். ஓர் அறைக்குள் போகுமுன் இருமுவாள், மற்றவர்களையும் இருமிவிட்டு வரச் சொல்வாள். பழைய காலத்து நாகரிகம் என்று கீச்சு தோழிகளிடம் கேலி பேசியிருக்கிறாள்.

இன்று அவள் வாசலில் நின்று இருமிவிட்டு உள்ளே வந்தாள். அம்மா காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தாள்களை, இடது தோளை, படியின் உச்சியில் முகமில்லாத வாத்தை.

மாடிப்படி என்றதும் அம்மா ஊன்றுகோலை இறுகப் பிடித்தாள்.

"நான் வழுக்கி விழல," என்றாள்.

அம்மாவின் இடுப்பெலும்பு உடைந்தது கீச்சுவுக்கு ஏழு வயதில். அந்தப் பழைய வீட்டுப் படியில், ஈரத்தில் வழுக்கி. அப்படித்தான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

"அப்பாவா?" என்றாள் கீச்சு.

"உங்கப்பா அன்னிக்கு வீட்லயே இல்ல. நீ பள்ளிக்கூடம் போயிருந்தே. அவன் வயித்துவலின்னு சொல்லி வீட்ல இருந்தான்." அம்மா ஜன்னலைப் பார்த்தாள். "துணிக்கூடையோட இறங்கறேன். பின்னாலேர்ந்து 'பே'ன்னான். அவ்வளவுதான். கீழ கிடந்து மேல பார்த்தா, வாயைப் பொத்திச் சிரிச்சுக்கிட்டு நிக்கறான். நான் அந்த வசனத்தைச் சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தான்."

"சின்னப் பையன்மா. தெரியாம..."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். பயந்துபோய் யாரையாவது கூப்பிட ஓடுவான்னு பார்த்தேன். ஓடினான். திரும்பி வந்தப்ப கையில பென்சில் இருந்துச்சு. படியிலயே உட்கார்ந்து என் மூஞ்சியை வரைஞ்சான்."

கீச்சு அம்மாவின் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"ராத்திரி அப்பாகிட்ட அதைக் காட்டினான். அவர் பார்த்தார். எரிச்சிட்டார். அதோட பென்சிலைத் தொடல. அவன்கிட்ட எதுவும் கேக்க வேணாம், மறந்துடுவான்னு நான்தான் சொன்னேன். வழுக்கி விழுந்தேன்னு எல்லார்கிட்டயும் சொன்னதும் நான்தான். விழுந்ததுல எனக்கு எதுவும் நினைவில்லைன்னு அவன் நம்பிட்டான். எனக்குத் தெரியும்னு இதுவரைக்கும் அவனுக்குத் தெரியாது." அம்மா மகளின் தலையைத் தொட்டாள். "எரிஞ்சுபோன அந்த முகத்தைத்தான் அவன் தேடறான். அவளுக்குப் போன் போடு."

கீச்சு அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லு கீச்சு," என்றாள் அண்ணி. அவள் குரலுக்குப் பின்னால் காற்று வீசியது.

"எங்க இருக்கீங்க?"

"மாடியில. மழை வருது, துணியை எடுத்துட்டு வான்னு இவர் சொன்னார். எடுத்துட்டேன், இறங்கப்போறேன். ரெண்டு கையிலயும் கூடை, போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு நிக்கறேன்."

"எந்தக் காதுல அண்ணி?"

"எனக்கு வேற எந்தக் காது கேக்குது?" அண்ணி லேசாகச் சிரித்தாள்.

இருந்த ஒரு காதையும் தானே அடைத்துவிட்டோம் என்பது கீச்சுவுக்கு அப்போதுதான் உறைத்தது. அதே நேரத்தில் ஸ்பீக்கரில் இன்னொரு சத்தம் கேட்டது. நீளமான ஒரு கிறீச். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அது என்னவென்று சொல்லவேண்டியதில்லை. மாடிக்கதவின் கீல். இறங்க நிற்பவருக்கு இடது பக்கம் இருக்கும் கதவு.

அண்ணிக்கு அது கேட்கவில்லை. "ஹலோ," என்றாள். "கீச்சு, இருக்கியா?"

அம்மா போனைப் பறித்தாள். "உட்காரு."

"அத்தை?"

"நிக்கிற இடத்துலயே உட்காரு. திரும்பாதே. கூடையை விடு. உட்காரும்மா."

கூடை படிபடியாக உருண்டு போகும் சத்தம் கேட்டது. ரொம்ப தூரம் உருண்டது. அதற்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை. கீச்சு அம்மாவின் தோளைப் பிடித்திருந்தாள், விரல்கள் பதிந்து அம்மாவுக்கு வலித்திருக்கும்.

பிறகு அண்ணியின் மூச்சு கேட்டது. தரைக்குப் பக்கத்தில், தாழ்வாக. உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு மேலே எங்கிருந்தோ அண்ணனின் குரல் வந்தது. அதில் கோபம் இல்லை. வேலை கெட்டுப்போன அலுப்புதான் இருந்தது.

"எதுக்கு உட்கார்ந்தே? எழுந்திரு. திரும்ப முதல்லேர்ந்து எடுக்கணும்."

அம்மா போனை வாயருகே கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள். கீச்சு முப்பது வருடத்துக்கும் மேலாகக் கேட்காத குரல் அம்மாவின் தொண்டையிலிருந்து வந்தது, துளியும் மாறாமல், மஞ்சள் அலகோடும் தத்தித் தத்தி நடக்கும் நடையோடும்.

"தெரியும் தொந்தியாரே. நீங்கதான்னு தெரியும்."

அந்தப் பக்கம் காற்று மட்டும் இரைந்தது. முதல் தூறல் விழ ஆரம்பித்தது.

"அம்மா?" என்றான் அண்ணன். பத்து வயதுப் பையனின் குரலில் கேட்டான். "அன்னிக்கே தெரியுமா?"

கீச்சு கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். செருப்பைத் தேடிக் குனிந்தவள், போனிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றாள். யாரோ படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள், அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக.

ஒருவர் மட்டும்தான் இறங்கினார்.

(தொடரும்)